படித்த பிள்ளைக்கு ஆளத் தெரியுமா?

கேள்வி: அன்புள்ள அம்மா, வணக்கம். எனக்கு வயது 28. பர்மாவில் பெகுவுக்குப் பக்கத்தில் சின்ன ஊர். ரங்கூனில் வரலாறு முதுகலை முடித்துவிட்டு, மண்டலேயின் கடைசி அரசர்களைப் பற்றி ஒரு ஆய்வு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் அம்மன் கோயிலுக்கு நெடுங்காலம் தலைவராக இருந்த பெரியப்பா போன வருடம் காலமானார். ‘படித்த பிள்ளை, கை சுத்தம்’ என்று சொல்லி ஊர்க்கூட்டத்தில் என்னைத் தலைவராக்கினார்கள். கோயில், விடுமுறைத் தமிழ் வகுப்பு, சாவுச் செலவு நிதி, கோயில் வாசல் கடைகள் எல்லாம் என் பொறுப்பு.

நியாயமாக நடத்தவேண்டும் என்று ஆசைப்பட்டேன். 14 பக்கத்துக்கு விதிமுறை எழுதினேன். கடைகளை ஏலத்துக்கு விட்டேன். இரண்டு குடும்பங்களுக்கு மட்டும் வழக்கமாகக் கொடுத்துவந்த முதல் மரியாதையை நிறுத்தினேன். மாதக் கணக்கைச் சுவரில் ஒட்டச் சொன்னேன். இப்போது அந்த இரண்டு குடும்பமும் வரி கட்டுவதில்லை. பல வருடம் கணக்கு எழுதிய பொருளாளர் மாமா பெட்டிச்சாவியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பூக்கடைப் பாட்டிக்கு ஏலத்தில் கடை கிடைக்கவில்லை; வெளியூர்க்காரர் எடுத்துவிட்டார். தமிழ் வகுப்பு நடத்தும் சயாமா (ஆசிரியை) மட்டும் ஏலத்துக்கு முன்பே கூட்டத்தில் எழுந்து, ‘பாட்டி என்ன செய்யும்?’ என்று கேட்டார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். இப்போது பாட்டி கோயில் பக்கமே வருவதில்லை.

‘நாலு பேரை நீக்கு, மற்றவன் அடங்குவான்’ என்கிறார் சித்தப்பா. எனக்கோ பர்மாவின் கடைசி அரசர் திபோ மன்னர்தான் கனவில் வருகிறார். அவரும் படிப்பாளிதானே? படித்தவனுக்கு ஆளத் தெரியாதா அம்மா? விலகிவிடட்டுமா? துணைத் தலைவர் இடம் வேறு காலியாகக் கிடக்கிறது. அதற்கு யாரைப் போடுவது?

— பெயர் வேண்டாம், பெகு வட்டாரம்.

பதில்:

தம்பி, விலக வேண்டாம். சித்தப்பா சொல்கிற கடுமையும் வேண்டாம். நீங்கள் செய்ய நினைத்ததில் தவறு ஏதும் எனக்குத் தெரியவில்லை. கணக்கு வெளியே தெரியவேண்டும், கடை ஒருவர் கைக்குள்ளேயே கிடக்கக்கூடாது, சாமி முன்னால் எல்லாரும் ஒன்றுதான் என்றெல்லாம் ஒரு இளைஞர் நினைப்பது நம் ஊர்க் கோயில்களுக்குக் கிடைத்த பாக்கியம். நினைத்ததற்கும் செய்ததற்கும் நடுவில் ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

படித்தவனுக்கு ஆளத் தெரியாதா என்று பர்மாவில் இருந்துகொண்டு கேட்கலாமா? மடத்தில் பாலி படித்துவிட்டுச் சிங்காசனம் ஏறியவர்கள் இந்த நாட்டில் பலர். திபோவைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். ஆனாலும் அவர் கதையை நீங்கள் உங்களைத் திட்டிக்கொள்வதற்கு வைத்திருக்கிறீர்கள். நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன்.

1859ல் பிறந்தவர். மடத்துப் பிள்ளையாக வளர்ந்து, 1877ல் பாலி மறைநூல் தேர்வில் தேறி, தந்தை மிண்டோன் மனம் குளிரப் பாராட்டிய மகன். அடுத்த ஆண்டு அக்டோபரில் மிண்டோன் கண்மூடினார். அவருக்கு ஆண்பிள்ளைகள் பலர் இருந்தார்கள். வயதில் மூத்தவர்களும் உலகம் தெரிந்தவர்களும் அவர்களில் உண்டு. அத்தனை பேரையும் தாண்டி 19 வயதுத் திபோவைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். மிண்டோனின் ராணிகளில் ஒருவரான சின்பியூமாஷினுக்குத் தன் மகளை அரசியாக்கி அதிகாரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ள ஆசை. கின்வுன் மின்ஜி போன்ற அமைச்சர்களுக்கோ, அமைதியான பிள்ளை அரசரானால் அமைச்சரவையே ஆட்சியை நடத்தலாம் என்று ஒரு எண்ணம். கின்வுன் மின்ஜி 1872ல் லண்டன்வரை தூது போய், அங்கே ராஜ்யம் எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்து வந்தவர். ராணியின் நோக்கம் வேறு, அமைச்சர் நோக்கம் வேறு. ஆனால் இருவரும் திபோவிடம் கண்ட தகுதி ஒன்றுதான். இவர் எதிர்த்துப் பேசமாட்டார்.

உங்கள் ஊரிலும் சிலர் அந்த நினைப்பில்தான் கை தூக்கியிருப்பார்கள். இருக்கட்டும். அதைத் தோண்டிப் பார்த்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு நடந்ததுதான் உங்கள் சித்தப்பா காதில் விழவேண்டியது. 1879 பிப்ரவரியில் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஏறக்குறைய 80 பேர் கொல்லப்பட்டார்கள். அரியணைக்குப் போட்டியே இருக்கக்கூடாது, நாலு பேரை ஒழித்தால் மற்றவன் அடங்குவான் என்ற அதே யோசனைதான். யோசனை சொன்னவர்கள் திபோவுக்கு நெருங்கியவர்கள். பழி அவர் பெயரில் விழுந்தது. அதற்குப் பிறகு அவரால் நிம்மதியாக ஆள முடிந்ததா? அரண்மனைச் சுவருக்குள்ளேயே ஒடுங்கினார். தேக்குமரக் கம்பெனிக்கு அபராதம் போட்ட விவகாரத்தைச் சாக்காக வைத்து 1885 நவம்பரில் வெள்ளைக்காரன் படையெடுத்தபோது போர் முழுதாக மூன்று வாரம்கூட நீடிக்கவில்லை. மாட்டுவண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்க் கப்பலில் அனுப்பினார்கள். முதலில் நம் சென்னைப் பட்டணத்தில் வைத்திருந்துவிட்டு, 1886ல் ரத்னகிரிக்கு மாற்றினார்கள். அங்கேயே 1916ல் இறந்தார்.

இதில் படிப்பு எங்கே குற்றம் செய்தது? மடத்தைவிட்டு வெளியே வந்த கையோடு கிரீடம் வைத்துவிட்டார்கள். ஒரு வழக்கை விசாரித்து, ஒரு பக்கத்துக்குச் சாதகமாகச் சொல்லி, தோற்றவன் முகத்தை மறுநாள் பார்த்துப் பழகும் வாய்ப்பே அவருக்கு வாய்க்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் சொன்னதுதான் அவருக்கு நாடு.

மிண்டோனைப் பாருங்கள். அவரும் 20 வயது தாண்டும்வரை மடத்தில் படித்தவர்தான். உயிரைக் கொல்ல மனம் வராதவர். 1853ல், ஆங்கிலேயரோடு இரண்டாவது போர் நடந்துகொண்டிருக்கும்போது அரசரானார். ரங்கூன், பெகு, நாம் இருக்கிற இந்தக் கீழ்ப்பக்கம் எல்லாம் ஏற்கனவே போய்விட்டன. சண்டையை நிறுத்தினார். ஆனால் போன நிலத்தை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. அப்படி இரண்டுங்கெட்டான் நிலையில் இருபத்தைந்து வருடம் தாக்குப்பிடிப்பதற்கு ஒரு மனம் வேண்டும்.

அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது 1871ல் கூட்டிய பௌத்த மகாசங்கமோ, பிடகம் என்கிற பௌத்த மறைநூல்களைச் செதுக்கிவைத்த 729 சலவைக்கல் பலகைகளோ அல்ல. அவை படிப்பாளி ஒருவர் ஆசைப்பட்டுச் செய்யக்கூடிய காரியங்கள். எனக்குப் பிடித்தது அதிகாரிகளின் சம்பள விஷயம். அதுவரை அதிகாரிகளுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஆளுக்கு ஒரு ஊர் என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த ஊர் கொடுப்பதில் பிழைத்துக்கொள்ளவேண்டும். எவ்வளவு பிடுங்கினான் என்று யார் கேட்பது? மிண்டோன் அதிகாரிகளைக் கூப்பிட்டு ‘நேர்மையாக இருங்கள்’ என்று உபதேசம் செய்துவிட்டுப் போகவில்லை. 1860களில் வீட்டுக்கு இவ்வளவு என்று தத்தமேதா வரியைக் கொண்டுவந்து, அதிலிருந்து அதிகாரிக்குச் சம்பளம் என்று ஏற்பாடு செய்தார். எல்லா இடத்திலும் ஒரே நாளில் அது நடந்துவிடவில்லை. பழைய வழக்கம் அவர் காலம் முடியும்வரை அங்கங்கே ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் ஒருவன் நேர்மையாக இருக்கவேண்டுமானால் அவன் அடுப்பு எப்படி எரியும் என்று முதலில் யோசித்த அரசர் அவர். உங்கள் 14 பக்கத்தில் அந்த யோசனை ஒரு வரி இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். பொருளாளர் மாமா இத்தனை வருடம் சும்மா எழுதினாரா? யாராவது அவருக்கு ஒரு வேட்டி துண்டாவது போட்டு நன்றி சொன்னார்களா?

இதே மிண்டோன் கோட்டை விட்ட இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பாதிதான் சொன்னதாகும். தம்பி கனாங் இளவரசர்தான் அவருக்கு வலதுகை, அடுத்த வாரிசும்கூட. துப்பாக்கித் தொழிற்சாலை, படை எல்லாம் கனாங் பொறுப்பு. 1866ல் மிண்டோனின் சொந்த மகன்கள் இருவர் கலகம் செய்து சித்தப்பனையே கொன்றுபோட்டார்கள். அந்த அடிக்குப் பிறகு மிண்டோன் வாரிசு யார் என்று சொல்லவே இல்லை. ஒரு மகன் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் அவனைக் கொன்றுவிடுவார்களோ என்று பயம். பெற்ற மனம், புரிகிறது. ஆனால் 12 வருடம் தள்ளிப்போட்ட அந்த முடிவை, அவர் படுக்கையில் கிடந்தபோது வேறு ஆட்கள் எடுத்தார்கள். யாரைக் காப்பாற்ற வாய்திறக்காமல் இருந்தாரோ அந்தப் பிள்ளைகள்தான் 1879ல் செத்தவர்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும். இளகிய மனம் உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரும்போது இந்த ஒரு இடத்தில் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். யாருக்கும் வலிக்கக்கூடாது என்று முடிவைத் தள்ளிப்போட்டால், அந்த வலி போய் இறங்கும் இடம் நம் கையில் இருக்காது.

இனி உங்கள் பக்கத்து ஊர் ராஜாவுக்கு வருகிறேன். பெகுவில் கல்யாணி சீமாவை, அதாவது பிக்குகளுக்குத் துறவு தீட்சை கொடுக்கும் இடத்தை, நீங்கள் பார்க்காமல் இருந்திருக்கமாட்டீர்கள். உடைந்த கல்தூண்கள் நிற்குமே, அந்த இடம்தான். அதை நிறுவிய ராஜா தம்மசேதி, முதலில் கீழ்ப் பர்மாவின் மோன் நாட்டுப் பிக்கு. வடக்கே பர்மிய அரசின் தலைநகரான அவாவில் சிக்கிக்கொண்டிருந்த மோன் இளவரசி ஷின்சோபு அங்கிருந்து தப்பி ஊர் திரும்ப உதவிய இரண்டு பிக்குகளில் ஒருவர் என்று சொல்வார்கள். பின்னால் ஷின்சோபு தானே ராணியாகி ஆண்டார். வாரிசு தேடும் காலம் வந்ததும் தன் மகளைத் தம்மசேதிக்குக் கட்டிக்கொடுத்து, பெகுவின் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டு, இன்றைய ரங்கூனில் சுவேடகோன் பகோடா பக்கம் வந்து தங்கினார். உடனே கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்துவிடவில்லை. 1471ல் அவர் இறக்கும்வரை, பத்து வருடத்துக்கும் மேல், தம்மசேதி மாமியாரின் கண்பார்வையில் வேலை பழகினார். திபோவுக்குக் கிடைக்காதது இந்தப் பத்து வருடம்தான்.

காவியைக் கழற்றிவிட்டு வந்தவர் ராஜா ஆனால் ஊர் என்ன பேசும் என்று யோசித்துப் பாருங்கள். ‘நேற்றுவரை பிச்சைப் பாத்திரம் ஏந்தியவன்’ என்று பேசியிருக்கமாட்டார்களா? அவருக்கு முன்னால் இருந்த பெரிய சிக்கலும் பிக்குகள் பற்றியதுதான். அவர்களுக்குள் பல பிரிவுகள். ஒரு பிரிவு கொடுத்த துறவு தீட்சையை மற்றது ஏற்காது. இவர் அந்த நூல்களையெல்லாம் கரைத்துக் குடித்தவர், இப்போது ராஜாவும்கூட. ‘சரி எது என்று எனக்குத் தெரியும், இனி இப்படித்தான்’ என்று ஒரு ஆணை போட்டிருந்தால் யார் தடுத்திருப்பார்கள்?

அவர் அப்படிச் செய்யவில்லை. கற்ற மூத்த பிக்குகளை அழைத்து ஆலோசித்தார். சண்டை போடும் எல்லாப் பிரிவும் தலைவணங்கக்கூடிய இடம் எது என்று பார்த்தார். அது இலங்கை. 22 தேரர்களையும் (மூத்த பிக்குகள்) அவர்களுடைய சீடர்களையும் இரண்டு கப்பலில் அனுப்பினார். 1476ல் அவர்கள் அங்கே களனி ஆற்றில் புதிதாகத் தீட்சை வாங்கினார்கள். திரும்பும் வழியில் ஒரு கூட்டத்தாரின் கப்பல் உடைந்து, கரையேறி, நடந்தே நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சீன அரசர் ஒருவர் கட்டுவித்த குகையில் இருந்த புத்தர் சிலையை வணங்கினார்கள். நம் தஞ்சைச் சீமைக் கடற்கரையில், அந்த நாளில்! சிலர் ஊர் திரும்பாமல் வழியிலேயே இறந்தும் போனார்கள். திரும்பி வந்தவர்களைக் கொண்டு பெகுவில் சீமா அமைத்து, களனியின் பெயரையே அதற்கு வைத்து, விருப்பப்பட்ட பிக்குகள் வந்து தீட்சை வாங்கலாம் என்று அறிவித்தார். மூன்று வருடத்தில் 15,666 பேர் வந்து வாங்கினார்கள். அந்த எண்ணிக்கையைக்கூடக் கல்லில் வெட்டிவைத்தார். பத்துத் தூண், மூன்றில் பாலி, ஏழில் மோன். யாரை அனுப்பினோம், எந்தக் கப்பலில் போனார்கள், என்ன காணிக்கை கொடுத்தோம், கப்பல் எங்கே உடைந்தது என்று எல்லாம் அதில் உண்டு. பாலி பிக்குகளுக்கு, மோன் ஊர் ஜனங்களுக்கு.

இதைவிடப் பெரிய கணக்குச் சுவரொட்டி உண்டா? நீங்களும் கணக்கைச் சுவரில் ஒட்டச் சொன்னீர்கள். ஆனால் அவர் ஒட்டியது முதலில் தன்னுடைய கணக்கை. நீங்கள் ஒட்டச் சொன்னது மாமாவின் கணக்கை. மாமா சாவியை வைத்துவிட்டுப் போனதற்குக் காரணம் பணம் அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ‘என்னைத் திருடன் என்று சொல்லாமல் சொல்கிறான்’ என்று அவர் நினைத்திருப்பார்.

அவரிடம் நேரில் போங்கள். தனியாகப் போங்கள், விதிமுறைக் காகிதம் கையில் வேண்டாம். ‘மாமா, நீங்கள் எழுதிய பேரேட்டை எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள்’ என்று கேளுங்கள். நிஜமாகவே உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பேரேட்டில் 1964ல் நம் ஜனங்கள் மூட்டைமுடிச்சோடு கப்பலேறிப் போனபோது யார் யார் கோயிலுக்கு என்ன விட்டுப்போனார்கள் என்பதுகூட இருக்கலாம். வரலாறு படித்த உங்களுக்கு அது புதையல். பிறகு, தணிக்கைக்கு உங்கள் ஊர் ஆள் யாரும் வேண்டாம். ரங்கூனிலோ மோல்மேனிலோ இருக்கிற ஒரு பழைய கோயிலின் பெரியவர்கள் இரண்டு பேரை அழைத்து வாருங்கள். எல்லாரும் மதிக்கிற வெளியாள் பார்த்துச் சரி என்று சொன்னால், அந்தச் சரி மாமாவுக்கும் கவசம், உங்களுக்கும் கவசம். சரிபார்த்த கணக்கைக் கூட்டத்தில் மாமாவே வாய்விட்டுப் படிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

முதல் மரியாதை விஷயத்தில் நான் உங்கள் கட்சிதான். பரம்பரை பரம்பரையாக இரண்டு வீட்டுக்கு மட்டும் என்பது இனியும் வேண்டாம். ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் அந்த இரண்டு வீட்டுக்கும் போனீர்களா? கடிதத்தில் அது இல்லை. அவர்கள் தாத்தா நிலம் கொடுத்திருக்கலாம், ஜப்பான்காரன் காலத்தில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதைக் கேட்டு எழுதி வையுங்கள். மரியாதை முறைவைத்து எல்லாக் குடும்பத்துக்கும் சுற்றி வரட்டும், இந்த வருடம் அவர்களிடமிருந்து தொடங்கட்டும். ஒப்புக்கொள்வார்களா என்றால், ஒரு வீடு ஒப்புக்கொள்ளும், மற்றது முறைத்துக்கொண்டு இருக்கும். முறைக்கட்டும். ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள்: அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தால் வரி பாக்கியைப் பேசாதீர்கள், மற்றவரையும் பேச விடாதீர்கள். சாவு நிதியிலிருந்து எல்லாருக்கும் செய்வதை அவர்களுக்கும் முதல் ஆளாக நின்று செய்யுங்கள். நம் ஊர்களில் பாக்கியைப் பிணத்தின் முன்னால் வைத்து வசூலிக்கிற பழக்கம் இருக்கிறது. அதை ஒழிக்க உங்கள் பதவி பயன்பட்டால் மற்ற 13 பக்கத்தையும் நான் மன்னித்துவிடுவேன்.

பூக்கடைப் பாட்டி விஷயத்தைக் கடைசிக்கு ஒதுக்கினேன், ஆனால் நீங்கள் செய்யவேண்டியதில் அதுதான் முதல். ‘விதிப்படி தப்பு இல்லை’ என்று நீங்கள் சொல்வது உண்மை. அந்த உண்மையோடு நீங்கள் நிம்மதியாகத் தூங்கவில்லை என்பதும் கடிதத்தில் தெரிகிறது. அந்தத் தூக்கம் கெட்டதை நம்பித்தான் விலகாதீர்கள் என்று நான் எழுதுகிறேன். நாளைக்கே பாட்டி வீட்டுக்குப் போங்கள். சமாதானம் சொல்லப் போகாதீர்கள். ஏலம் ஏன் விட்டீர்கள் என்று சொல்லுங்கள், அதனால் அவருக்கு நேர்ந்ததற்கு நீங்கள்தான் பொறுப்பு என்றும் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். கடை எடுத்த வெளியூர்க்காரர் பணம் கட்டியிருக்கிறார், அவரைத் துரத்துவது இன்னொரு அநியாயம். அதனால் அம்மனுக்குச் சாத்துகிற மாலையும் அர்ச்சனைப் பூவும் பாட்டியிடம்தான் வாங்குவது, உட்கார்ந்து தொடுக்க மண்டபத்து ஓரம் இடம் விடுவது என்று கூட்டத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். அடுத்த ஏலத்துக்கு முன்னால், கோயிலை நம்பி நெடுநாள் பிழைக்கிற ஏழைகளுக்கு ஒரு கடையை ஏலம் இல்லாமல் ஒதுக்கலாமா என்றும் கேளுங்கள். தனியாகக் கூப்பிட்டு ரகசியமாகச் சலுகை கொடுத்துவிடாதீர்கள். அது பாட்டிக்கும் கெட்ட பெயர்.

14 பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், பத்திரமாக வையுங்கள். அதிலிருந்து கூட்டத்துக்கு ஒரு விஷயம் என்று எடுத்துப் பேசுங்கள். இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். ஆய்வையும் நிறுத்த வேண்டாம். கோயில் வேலை பார்த்த பிறகு மிண்டோனைப் பற்றி நீங்கள் எழுதும் எழுத்து வேறாக இருக்கும், அதைப் படிக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

துணைத் தலைவர் இடத்துக்கு யார் என்று கேட்டிருந்தீர்கள். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ‘பாட்டி என்ன செய்யும்?’ என்று ஏலத்துக்கு முன்பே எழுந்து கேட்ட தமிழ் வகுப்புச் சயாமாதான். பெண் எப்படி என்று இரண்டு பேர் முனகுவார்கள். பெகுவை ஷின்சோபு ஆண்டதை அவர்களுக்கு நீங்களே சொல்லுங்கள். திஞ்சான் புத்தாண்டு விடுமுறை வந்தால் அவருக்கு வகுப்பு வேலை குவிந்துவிடும், அதற்கு முன்பே போய்க் கேட்டுவிடுங்கள்.